மன்னிக்கிற எஞ்சின்

ஏழாவது வளைவைத் தாண்டி நேர்பாதைக்கு வந்த இடத்தில் எஞ்சின் போய்விட்டது. இரண்டாவது சிலிண்டரின் கனெக்டிங் ராடு முறிந்து, எஞ்சினின் பக்கச்சுவரைப் பொத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. பம்புக்காரர் ஓடி வந்து சேர்ந்தபோது, அவர் மனைவி வண்டியைப் புல்லில் இறக்கி நிறுத்திவிட்டு, தடுப்புச்சுவரின் மேல் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். ஓட்டைக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்த அவருக்கு அதற்கு மேல் பார்க்க எதுவும் இருக்கவில்லை.

அவர் தொழில், எஞ்சினுக்கு டீசல் அனுப்பும் பம்புகளைப் பழுதுபார்ப்பது. லாரி, பஸ், ஜெனரேட்டர் என்று டீசல் குடிக்கிற எதற்குத் தொண்டை அடைத்தாலும் அவர் பட்டறைக்குத்தான் வரும். மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்தாள். வாரம் முழுக்க வெள்ளைக் கோட்டு, ஞாயிற்றுக்கிழமை பந்தயத் திடல். பதினொரு வருஷமாக அந்தச் சிவப்பு இரண்டு சீட் வண்டியை அவள் ஓட்டினாள், அவர் பராமரித்தார். பெட்ரோல் எஞ்சின் அவருக்கு மாமியார் வீடு மாதிரி. மரியாதையாகப் போய் வருவார், சட்டையைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார வராது.

அந்த மாடலை நிறுத்தியே பல வருஷம் ஆகிவிட்டது. மாற்று எஞ்சின் கப்பலில் வர எட்டு மாதம் என்றார்கள். ஆறு மணி நேரப் பந்தயத்துக்கோ பத்து வாரம்தான் இருந்தது.

நாலு நாள் கழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் தொண்டையைச் செருமினார்.

"ஒரு யோசனை சொல்றேன். கோவிக்கக் கூடாது."

"டீசல்னு சொல்லப் போறீங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நாலு நாளா டேப்பை வச்சுக்கிட்டு வண்டியைச் சுத்திச் சுத்தி வர்றீங்க. அதுக்குச் சட்டையா தைக்கப் போறீங்க?"

பட்டறையின் பின்பக்கம் ஒரு டீசல் எஞ்சின் கிடந்தது. பின்னாலிருந்து இடிபட்டு நசுங்கிப்போன ஒரு பெரிய காரிலிருந்து கழற்றியது, டர்போ வைத்தது, கீறல்கூட இல்லை. அவர் ஒரு பழைய எக்ஸ்ரே உறையைத் திருப்பிப் போட்டு எழுதிக் காட்டினார். பெட்ரோல் வண்டிகள் ஐம்பது நிமிஷத்துக்கு ஒருமுறை எண்ணெய் போட வந்தாக வேண்டும். வந்தால் ஐந்து நிமிஷம் நின்றாக வேண்டும், அது திடலின் விதி. ஆறு மணி நேரத்தில் ஆறு தடவை. டீசலுக்கு இரண்டே தடவை. ஒரு சுற்றுக்கு ஆறு வினாடி பின்தங்கினாலும் நிற்காமல் ஓடியே அதை ஈடுகட்டிவிடலாம்.

அவள் உறையை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். எந்த உறையையும் அப்படிப் பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

"கணக்குல தப்பில்ல. ஆனா அது ரேஸ் கார்ல உட்கார வேண்டிய சாமானே இல்லீங்க."

"யாரு சொன்னா? இழுவைன்னு பாத்தா உன் பழைய எஞ்சின் பக்கத்துல நிக்க முடியாது."

"இழுவை வேற, ஓட்டம் வேற."

வாக்குவாதம் இரண்டு நாள் நீண்டது. கடைசியில், பத்து வாரம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இது தேவலை என்றுதான் அவள் சரி சொன்னாள். அது சம்மதம் இல்லை என்பது அவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி வேலையை ஆரம்பித்துவிட்டார்.

புது எஞ்சின் அறுபத்து மூன்று கிலோ கூடுதல் கனம், அதுவும் முன்பக்கம். பேட்டரியை சீட்டுக்குப் பின்னால் கொண்டுபோனார். முன் ஸ்பிரிங்கை மாற்றினார். கியர்பெட்டியோடு எஞ்சினைச் சேர்க்க நடுவில் ஒரு தட்டு வேண்டியிருந்தது. பக்கத்துக் கடை லேத்காரர் அதை மூன்று தடவை கடைந்து கொடுத்தார், இரண்டு தடவை அளவு தப்பியதற்குப் பம்புக்காரரின் அவசரம்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டே.

ஆறு மணி நேரப் பந்தயத்தில் ஒரு வண்டிக்கு இரண்டு பேர். ஒருவர் நாலு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வழக்கமாக இன்னொருவன் அவள் தம்பி. அவன் வந்து, எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்து, மெதுவாக மூடினான்.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. டிராக்டர் ஓட்டணும்னா நான் வயலுக்கே போயிருவேன்."

"ஒரு சுத்து ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லு மாப்ள."

"நாலு பேருக்கு முன்னாடி எப்படி மாமா?"

அடுத்த வாரம் வேறொரு அணியில் அவனுக்கு இடம் கிடைத்துவிட்டது. பம்புக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். அவள் அப்போது காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்களே ஓட்டுங்க."

"நானா?"

"வண்டி சோதிக்கறதுக்குன்னு லைசென்ஸ் எடுத்தீங்களே, அது செல்லும். யோசனை உங்களோடதுதானே."

பந்தயத்துக்கு முதல் நாள் பரிசோதனையில் அதிகாரி குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ரேஸுக்கு வந்தீங்களா, லோடு எடுக்க வந்தீங்களா?" என்றார். சுற்றி நின்றவர்கள் அதற்காகவே காத்திருந்தவர்கள்போலச் சிரித்தார்கள். கணவனும் மனைவியும் டீ குடித்துவிட்டு வருவதற்குள் யாரோ வண்டியின் பின்னால் 'கனரக வாகனம்' என்று எழுதி ஒட்டிவிட்டிருந்தார்கள். பம்புக்காரர் கிழிக்கப் போனார். அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"இருக்கட்டும். பின்னாடி வர்றவன் படிச்சுக்கிட்டே வரட்டும்."

காலை ஒன்பது மணிக்கு இருபத்து மூன்று வண்டிகள் கிளம்பின. முதல் இரண்டு மணி நேரம் அவள். மற்ற வண்டிகள் திடலைக் கிழித்துக்கொண்டு அலறின. அவர்களுடையது மட்டும் ஒரு கனத்த முனகலோடு போய்ப் போய் வந்தது. முதல் முக்கால் மணி நேரம் பதினான்காவது இடம். பிறகு ஒவ்வொருவராக எண்ணெய்க்கு ஒதுங்க ஒதுங்க, பலகையில் அவர்கள் எண் மேலே ஏறிக்கொண்டே வந்தது. அவள் இறங்கும்போது ஐந்தாவது இடம். கையுறையைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள். "நாலாவது வளைவுல எண்ணெய் சிந்தியிருக்கு, உள்பக்கமாப் போங்க" என்றாள்.

முதல் மூன்று சுற்றும் அவருக்குப் பயத்திலேயே போயின. பதினொரு வருஷமாகச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த வளைவுகள் உள்ளேயிருந்து வேறு ஊராகத் தெரிந்தன. கண்ணாடியில் எப்போது பார்த்தாலும் யாரோ முட்டிக்கொண்டு நின்றார்கள். ஏழாவது வளைவில் மூன்றாவது கியருக்கு வர மறந்து நாலாவதிலேயே நுழைந்துவிட்டார். தொலைந்தோம் என்று நினைத்தார். எஞ்சின் ஒரு நொடி தணிந்து, பின்னாலிருந்து யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளியதுபோல அவரை வெளியே இழுத்துக்கொண்டு போனது.

அவர் சிரித்துவிட்டார். ஹெல்மெட்டுக்குள் தனியாக, சத்தமாக.

அதற்குப் பிறகு பயம் போய்விட்டது. தப்பான கியரில் போனாலும் இழுத்தது. பிரேக்கைச் சீக்கிரம் மிதித்தாலும், தாமதமாக மிதித்தாலும் இழுத்தது. அந்த இழுவை அவருக்குத் தெரிந்த இழுவை. சரக்கோடு மேட்டில் ஏறும் லாரிகளின் பம்பைச் சரிசெய்து, பக்கத்தில் உட்கார்ந்து போய்ப் பார்த்து, இருபத்தைந்து வருஷமாக அவர் உடம்பில் ஏறியிருந்த இழுவை. இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. அவள் வேகத்துக்குச் சுற்றுக்கு ஆறு வினாடி குறைவுதான், ஆனால் எங்கேயும் சறுக்கவில்லை, யாரையும் இடிக்கவில்லை. ஒன்பதாவது இடத்தில் வண்டியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

கடைசி இரண்டு மணி நேரம் அவள் ஓட்டி, ஐந்தாவதாக முடித்தாள். தம்பியின் அணி எட்டாவது. அவன் நேராக வந்து, "மாமா, இன்னையிலேர்ந்து நான் வாயைத் திறக்கல" என்றான். சிரித்தவர்கள் வந்து கை குலுக்கினார்கள். அதிகாரி மறுபடியும் குனிந்து மூடிக்குள் பார்த்தார், இந்தத் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு.

கூட்டம் கலைந்த பிறகுதான் பம்புக்காரர் கவனித்தார். அவள் கவிழ்த்துப் போட்ட டயர் மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வேலை முடிந்து வரும்போது இருக்கும் முகம்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. நல்லா வந்திருக்கோம். இத்தனை வருஷத்துல இவ்வளவு முன்னாடி வந்ததில்ல."

"அப்புறம் ஏன் இப்படி உட்கார்ந்திருக்க?"

அவள் பாட்டிலை மூடினாள். "யாரோ ஓட்டின வண்டில உட்கார்ந்து வந்த மாதிரி இருக்குங்க."

அவருக்குச் சுருக்கென்றது. "சத்தம் இல்லைங்கறியா? வேணும்னா ரெண்டு ஹாரன் வச்சுத் தர்றேன்."

"சத்தத்துக்காக இல்லீங்க. எப்படிச் சொல்றது…" அவள் கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பிடித்தாள். "பழைய எஞ்சின்ல ஆர்பிஎம் முள் ஏழாயிரத்துக்கு மேல நிக்க இவ்வளவு இடம்தான் இருக்கும். கீழ இறங்கினா செத்துரும், மேல போனா உடஞ்சிரும். ஒவ்வொரு வளைவுலயும் அதை இதுக்குள்ளயே வச்சிருக்கணும். பத்து வளைவுல ஒண்ணு சரியா வரும். வந்தா அது நான் செஞ்சது. இதுல நான் தப்பு பண்ணாலும் மன்னிச்சுட்டுப் போயிருது. நாள் பூரா ஆஸ்பத்திரில பட்டனை அமுக்குறேன், மிஷின் படம் எடுக்குது. ஞாயித்துக்கிழமையும் அப்படியேன்னா நான் எதுக்கு?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். சுற்று நேரம், நின்ற நேரம், இழுவை என்று எல்லா எண்ணும் நாக்கு நுனியில் இருந்தன. மன்னித்துவிட்டுப் போகிறது என்று அவள் குறை சொன்னாளே, அதற்காகத்தான் அவர் அந்த எஞ்சினோடு இரண்டு மணி நேரம் சிரித்துக்கொண்டு வந்திருந்தார். இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. "ஏழாயிரத்து இருநூறுல இழுவைல ஒரு பள்ளம் விழுது" என்று அவள் வருஷக்கணக்காகச் சொல்லியிருக்கிறாள். அவர் மீட்டரை மாட்டிப் பார்த்து, பள்ளமும் இல்லை மேடும் இல்லை, உனக்குத் தோணுது என்று சிரித்து அனுப்பியிருக்கிறார். விரல் அகல இடத்தில் வண்டியை வைத்திருக்கிறவளுக்குச் சின்னக் குழிகூடக் கிணறுதான் என்று அவருக்கு உறைக்கவே இல்லை.

"அப்போ ஸ்போர்ட்ஸ் கார்ல டீசல் கூடாதுங்கற" என்றார், கோபம் இல்லாமல்.

"எனக்குக் கூடாது. நீங்க இறங்கினப்போ உங்க மூஞ்சியை நீங்க பாக்கல. நான் பாத்தேன். அதைப் பாத்துட்டு எல்லாருக்கும் கூடாதுன்னு நான் எப்படிச் சொல்றது?"

கப்பலில் வந்த பெட்ரோல் எஞ்சின் சொன்ன மாதத்தில் வந்து சேர்ந்தது. டீசலை அவரே இறக்கினார். புதியதை ஏற்றி முடித்த அன்று, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"அந்தப் பள்ளம் எந்த வளைவுல, எந்த கியர்ல? முதல்லேர்ந்து சொல்லு."

அவள் அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சொல்ல ஆரம்பித்தாள். இரண்டு மணி நேரம் சொன்னாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை திடலில் சோதித்த பிறகு, காற்றுக் குழாயின் நீளத்தை இரண்டு அங்குலம் மாற்றியதும் பள்ளம் மறைந்தது. மீட்டரில் வித்தியாசம் தெரியவில்லை. அவள் ஓட்டிவிட்டு இறங்கித் தலையாட்டினாள், அவருக்கு அது போதுமாக இருந்தது.

டீசலுக்கு அவர் எஞ்சின் இல்லாத ஒரு பழைய கார்க்கூட்டைத் தேடிப் பிடித்தார். அடுத்த வருஷம் ஆறு மணி நேரப் பந்தயத்தில் அந்த வீட்டிலிருந்து இரண்டு வண்டிகள். அவளோடு தம்பி. அவரோடு லேத்காரர். ஸ்போர்ட்ஸ் காரில் டீசல் இருக்கலாமா என்று டீக்கடையில் யாராவது ஆரம்பித்தால் லேத்காரர்தான் சண்டைக்குப் போனார். பம்புக்காரர் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

பந்தயத்தின் மூன்றாவது மணி நேரத்தில் நேர்பாதையில் அவள் அவரைத் தாண்டிப் போனாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எட்டாவது வளைவுக்குள் அவள் எஞ்சினின் சத்தம் ஏறியது, ஒரே சுருதியில் நின்றது, விழாமல் உடையாமல் வளைவு முழுக்க அப்படியே நின்று வெளியேறியது. இவர் கால் தானாகவே தளர்ந்தது.

அவள் நாலாவது, அவர் பத்தாவது. வண்டிகளை ஏற்றிக் கட்டிக்கொண்டிருக்கும்போது அவள் கேட்டாள்.

"எட்டாவது வளைவுல ஏன் மெதுவாப் போனீங்க? எனக்கு வழி விட்டீங்களா?"

"இல்ல. கேட்டுக்கிட்டிருந்தேன்."

அவள் நம்பினாளா என்று அவருக்குத் தெரியவில்லை. வழி விடுகிறவர்களை அவளுக்கு அறவே பிடிக்காது. கயிற்றை அவர் கையிலிருந்து வாங்கி, இன்னொரு சுற்று இறுக்கிக் கட்டினாள்.