கான்டசாவின் முன் சீட்டு

கருமாதி முடிந்த மறுநாள் காலையில் ஜெயசுதாவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. அடுப்படிக்குப் போனாள், வாசலுக்கு வந்தாள், மறுபடி அடுப்படிக்குப் போனாள். சாயங்காலம் விழுப்புரத்திலிருந்து, விலை பேசி முடித்த ஆள் வந்து காரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அதற்குள் அந்தக் காரில் ஒரே ஒரு தடவை அவள் மலையேறிவிட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து நடக்காத காரியம். இன்றைக்கு விட்டால் இனி எந்த ஜென்மத்தில்?

கார் அவள் புருஷன் கொளஞ்சியப்பனுடையது. கச்சிராயபாளையம் வட்டாரத்தில் வீடு கட்டுகிற மேஸ்திரி. ரிஷிவந்தியத்திலிருந்து மூங்கில்துறைப்பட்டு வரைக்கும் அவர் கட்டிய வீட்டைக் கண்டுபிடிக்க விலாசமே வேண்டாம். சைக்கிள்கூட இல்லாதவன் வீட்டிலும் முன்னால் கார் நிற்க இடம் விட்டிருப்பார். கரும்பு வெட்டுகிறவனுக்கு எதற்கய்யா கார் ஷெட்டு என்று ஊரே சிரித்தது. அவர் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். அந்த இடத்தில் சில பேர் ஆட்டைக் கட்டினார்கள், சில பேர் கரும்புச் சோகையைப் போட்டு வைத்தார்கள், பின்னாளில் சில பேர் நிஜமாகவே காரும் வாங்கினார்கள்.

கார் பைத்தியம் என்றால் சாதாரணப் பைத்தியமா அது? பழைய வெள்ளைக் கான்டசா, படகு மாதிரி நீளம். தன் வேட்டியைக் கிழித்துத்தான் அதைத் துடைப்பார், வேறு துணி பட்டால் கீறல் விழுமாம். பொண்டாட்டிக்குத் தலைவலி என்றால் மாத்திரை போட்டுக்கோ என்பதோடு சரி. வண்டியில் ஒரு சின்னச் சத்தம் கேட்டால் மனுஷனுக்குச் சோறு இறங்காது. அதை நினைத்தால் ஜெயசுதாவுக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்த வீட்டைக் கட்டி முடித்தாலும், பால் காய்ச்சிய மறுநாள் அந்தக் குடும்பத்தைக் காரில் ஏற்றிக் கல்வராயன் மலைக்குக் கூட்டிப் போவார். வெள்ளிமலையில் டீயும் வடையும் அவர் செலவு. என்னை எப்போது கூட்டிப் போவீர்கள் என்று ஜெயசுதா கேட்டால் ஒரே பதில்தான்.

"நம்ம வூட்டுக்கும் பால் காச்சுவோம். அன்னிக்கு உன்னக் கூட்டிக்கினு போறேன்."

எங்கே காய்ச்சுவது? ஊரார் சுவருக்கெல்லாம் பூச்சு பூசியவர் தன் வீட்டைச் செங்கல்லாகவே விட்டுவைத்தார். பூச்சு முடியட்டும், தரை போடட்டும் என்று சொல்லிச் சொல்லியே காலம் ஓடி, மஞ்சள் காமாலை வந்து ஆளும் போய்ச் சேர்ந்தார்.

இப்போது கார் வெளியே வருவதற்கே வழியில்லை. அதுவும் அவர் அடித்த கூத்துதான். யார் வீடு கட்டினாலும், ரோடு ஏறிக்கொண்டே இருக்கும், பேஸ்மட்டத்தை நல்லாத் தூக்கு என்று அடித்துச் சொல்வார். தன் வீட்டை மட்டும் ரோட்டு மட்டத்துக்கே போட்டார். தூக்கிக் கட்டி வாசலில் சரிவு வைத்தால் கான்டசாவுக்கு அடிவயிறு உரசுமாம். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இருந்த ரோட்டின் மேலேயே புது சிமெண்ட் ரோடு போட்டுவிட்டுப் போனார்கள். ஷெட்டு முழங்கால் பள்ளத்துக்குப் போய்விட்டது. காரை வாங்குகிறவன் கிரேனோடு வருவதாகச் சொன்னதும் அதனால்தான்.

சென்னையில் வேலை பார்க்கும் மகன் இளவரசன் பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்தபோது, அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சிமெண்ட் சாக்கில் மணலை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் சித்தாள். கொளஞ்சியப்பன் சாரத்தின் மேல் நிற்க, கீழிருந்து கலவைச் சட்டியைத் தூக்கிக் கொடுத்தவள். கைக்கு வேலை மறக்கவில்லை.

காரை எடு, மலைக்குப் போய்விட்டு வந்துவிடலாம் என்றாள். சாயங்காலம் ஆள் வருவதை அவன் ஞாபகப்படுத்தினான். மெக்கானிக் முந்தாநாள்தானே பிரேக்கெல்லாம் பார்த்துவிட்டுப் போனான், பிறகென்ன என்று அவள் அடுத்த சாக்கை எடுத்தாள். சத்தம் கேட்டு, கொளஞ்சியப்பனின் அக்கா பெரியநாயகி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். தாலி இறக்கி ஒருநாள் ஆகவில்லை, மூன்று மாசத்துக்கு வாசற்படி தாண்டலாமா, ஊர் என்ன பேசும் என்று பிடித்துக்கொண்டாள்.

"உங்க தம்பி இருந்தப்பவே நான் எங்க அண்ணி தாண்டனேன்?" என்றாள் ஜெயசுதா. "இன்னிக்கு வுட்டா அந்த வண்டியும் போயிடும்."

 பெரியநாயகி முணுமுணுத்துக்கொண்டே வந்து சாக்கின் வாயை விரித்துப் பிடித்தாள்.

சரிவு குட்டையாக இருந்தால் வயிறு தட்டும். அதனால் ஷெட்டுக்குள்ளிருந்தே சாக்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி அடுக்கி, மேலே கான்கிரீட்டுக்கு முட்டுக் கொடுக்கும் சென்ட்ரிங் பலகைகளைப் பரப்பினார்கள். இளவரசன் வண்டியைக் கிளப்பினான். கார் உறுமிக்கொண்டு பலகையில் ஏறி, ரோட்டு விளிம்பில் ஒரு தடவை கர்ரென்று உரசிவிட்டு வெளியே வந்தது. இன்றைக்கு மனுஷனுக்குச் சோறு இறங்காது என்று நினைத்தாள் ஜெயசுதா. நினைத்த கையோடு கண் கலங்கியது, துடைத்துக்கொண்டாள்.

பின் சீட்டு நைந்து பஞ்சு பிதுங்கிக் கிடந்தது. டிரைவருக்குப் பக்கத்து முன் சீட்டோ உறைகூடப் பிரிக்காமல் புதுசாக இருந்தது. அப்பா சமீபத்தில் மாற்றியிருப்பார் என்றான் இளவரசன். அவள் முன்னாலேயே ஏறி உட்கார்ந்தாள்.

கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதை ஏறியது. ஜெயசுதா கண்ணாடியை இறக்கினாள், ஏற்றினாள், மறுபடி இறக்கினாள். மரம், பாறை, வளைவு, மறுபடியும் மரம். இதற்கா இத்தனை வருஷம் ஏங்கினோம் என்று எரிச்சலாகக்கூட வந்தது. எவளெவளோ அவரோடு வந்து இதையெல்லாம் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள் என்பது அதைவிடப் பெரிய எரிச்சல். தான் மட்டும் என்ன பாவம் செய்தாள்?

வெள்ளிமலையில் கார் நின்றதும் டீக்கடை ராசு கையிலிருந்த கிளாஸை வைத்துவிட்டு ஓடி வந்தார். மேஸ்திரி எங்கே என்று கேட்டார். இளவரசன் இறங்கிப் போய் மெல்லச் சொன்னான். ராசு தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு காருக்குள் பார்த்தார்.

"வூட்டுக்காரம்மாங்களா?"

ஜெயசுதா தலையசைத்தாள்.

"அந்த சீட்டுல இதுவரிக்கும் ஒருத்தர் குந்தி நான் பாத்ததில்லிங்க. எத்தினி பேரா இருந்தாலும் பின்னாடியே நசுங்கிக்கினு வருவாங்க. முன்னாடி காலியாவே இருக்கும். ஏன் மேஸ்திரின்னு கேட்டா, அது எங்க வூட்டுக்காரி சீட்டு, அவதான் மொதல்ல குந்தணும்னுவாரு."

இளவரசன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ராசு டீ கொண்டுவந்து நீட்டினார். ஜெயசுதா அதைப் பார்க்கவே இல்லை. ஸ்டியரிங் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். வாழ்ந்த காலத்தில் ஒருநாளும் புருஷனை நீ என்று சொல்லாதவள்.

"காலி சீட்ட இத்தினி வருசமா மலைக்கு ஏத்திக்கினு வந்தியே, பாவி மனுசா. என்னிய ஏத்திக்கினு வந்தா இன்னா?"

சாவு வீட்டில்கூட அவள் அப்படி அழுததில்லை. ராசு நீட்டிய டீ ஆறி ஆடை கட்டிய பிறகும் அவள் அந்தச் சீட்டை விட்டு இறங்கவில்லை.