வெந்நீர் ஊற்றில் குளிக்காதவர்

1

இந்தக் கதை ஒரு காய்ந்த துண்டிலிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஜப்பானில், யமகதா மலைப்பக்கம் ஒரு வெந்நீர் ஊற்று விடுதியில் நான் வேலை பார்க்கிறேன். பல வருடங்களாகிவிட்டன. அறைக்குத் தேநீர் கொண்டுபோவது, சாப்பாடு பரிமாறுவது, ராத்திரிக்கு மெத்தை விரிப்பது, காலையில் அதைச் சுருட்டுவது. விருந்தாளிகள் குளித்துவிட்டு வந்து துண்டை அறையில் இருக்கும் கொடியில் போடுவார்கள். மெத்தை சுருட்டப் போகும்போது துண்டுகள் ஈரமாக இருக்கும். இருக்க வேண்டும். அதற்குத்தான் வருகிறார்கள்.

போன நவம்பரில் மாடி மூலை அறையில் இரண்டு ஆண்கள் தங்கினார்கள். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் ஒரு துண்டு சொட்டச் சொட்ட ஈரம். இன்னொன்று நான் மடித்து வைத்தபடியே, முனை கலையாமல்.

அது குராமோச்சியின் துண்டு. எங்கள் விடுதிக்கு வருடா வருடம் வருகிறவர். வந்தால் ஒரு நாளைக்கு நாலு தடவை குளிக்கிறவர். தோல் சுருங்கிப்போய், மலையிறங்கும்போது வந்ததைவிடச் சின்னதாகத் தெரிகிறவர். அவர் ஏன் குளிக்கவில்லை?

இவ்வளவுதான் என்னிடம் இருந்தது. மற்றதெல்லாம் பிறகு சேர்ந்தது. சிலது கேட்டது, சிலது பார்த்தது, சிலது நானே போட்டுக்கொண்டது. எது எது என்று சொல்ல முயல்கிறேன். எல்லா இடத்திலும் சொல்வேன் என்று உத்தரவாதம் இல்லை.

2

முதல் வரியைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

‘மேப்பிள் இலைகள் தங்கள் கடைசிச் சிவப்பில்...’

வேண்டாம். நவம்பரில் எங்கள் மலையைப் பற்றி எழுதுகிற எல்லாரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். தவிர, போன வருடம் அடித்த காற்றில் இலையெல்லாம் முன்னாலேயே கொட்டிவிட்டது. கூட்டியது நான்.

‘மகளைப் பறிகொடுத்த ஒரு தகப்பன்...’

இதுவும் வேண்டாம். இப்படித் தொடங்கினால் நீங்கள் உடனே முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வீர்கள். குராமோச்சிக்கு அந்த முகம் பிடிக்காது. மகள் இறந்த பிறகு ஊரில் எல்லாரும் அந்த முகத்தோடு வந்ததால் காய்கறிக் கடையையே மாற்றிக்கொண்டவர் அவர்.

ஆகவே இப்படித் தொடங்குகிறேன்: விடுதி வாசலில் கார் நின்ற பிறகுதான் குராமோச்சி தோகுஜி வலது காலைத் தரையிலிருந்து எடுத்தார்.

அவர் கார் ஓட்டுநர் பள்ளியில் பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பயிற்சி வண்டியில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் ஓட்ட, இவர் பிரேக்கில் கால் வைத்து உட்கார்ந்திருந்தார். இப்போதும் யாராவது ஓட்டினால் இவர் கால் இல்லாத பிரேக்கைத் தேடும். எங்கள் மலைப்பாதையில் வளைவுகள் அதிகம். வந்து சேரும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஓட்டி வந்தவன் காஸுமா. நாற்பதைத் தாண்டியவன், தண்ணீர்க் குழாய் வாரியத்தில் வேலை. குராமோச்சியின் ஒரே மகள் சிஹோவின் கணவன். கணவனாக இருந்தவன் என்று எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். அவள் இறந்துவிட்டாள் என்பதால் அவன் கணவன் இல்லையென்று ஆகுமா என்பது எனக்குத் தெளிவாகவில்லை. இந்தக் கதையில் வேறு யாருக்கும் அது தெளிவாக இல்லை.

சிஹோ இருந்தபோது மூன்று பேருமாக நவம்பரில் வருவார்கள். அவள் நோயில் இறந்த வருடம் முன்பதிவு ஏற்கெனவே செய்திருந்தது, ரத்து செய்ய யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு பேரும் வந்தார்கள். அடுத்த வருடம், போன வருடம் வந்தோமே என்று வந்தார்கள். மாமனாரும் மாப்பிள்ளையும் மட்டும் சேர்ந்து ஊற்றுக்கு வருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. இவர்கள் அதைப் பற்றிப் பேசி முடிவெடுத்ததாகத் தெரியவில்லை. பேசியிருந்தால் நின்றுபோயிருக்கும்.

3

முதல் நாள் மாலை நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது காஸுமா அங்கிக்கு மாறித் தயாராக நின்றான்.

“அப்பா, சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துடலாமா?”*

“நீ போ. எனக்கு லேசா ஜலதோஷம்.”

[* இங்கே மாமனாரையும் ‘அப்பா’ என்றே கூப்பிடுவார்கள். தமிழுக்காக ‘மாமா’ என்று மாற்றலாமா என்று யோசித்தேன். மாற்றவில்லை. இந்தக் கதையில் அந்தச் சொல்லுக்கு வேலை இருக்கிறது.]

ஜலதோஷம் பிடித்தவர் ஒரு தடவைகூடத் தும்மவில்லை. சாப்பிட்டு முடித்ததும் காஸுமா மறுபடி கூப்பிட்டான். வயிறு நிறைந்திருக்கிறது, இப்போது தண்ணீரில் இறங்கக்கூடாது என்றார். மறுநாள் காலை கூப்பிட்டதற்கு வெறும் வயிறு என்றார். மத்தியானம் தொலைக்காட்சியில் சுமோ மல்யுத்தம் ஓடியது, விட்டுவிட்டு வர முடியாது என்றார். பழத்தட்டு எடுக்கப் போனவள் யார் ஜெயித்தது என்று கேட்டேன். திரையைப் பார்த்தபடியே தெரியாது என்றார்.

காஸுமா ஒவ்வொரு தடவையும் தனியாகப் போய்த் தனியாக வந்தான். சிவந்துபோய், சோர்ந்துபோய் வந்தான். இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் அவன் விரல் நுனியெல்லாம் ஊறிப்போயிருந்தது. இரண்டு பேர் குளியலையும் அவனே குளித்துக்கொண்டிருந்தான்.

சமையலறையில் விவாதம் நடந்தது. குளியலறைகளைக் கழுவும் மிட்சுயோ அக்கா, அவர் புதிதாகப் பச்சை குத்தியிருப்பார், பச்சை குத்தியவர்களை ஊற்றில் இறங்க விடமாட்டோம் என்று மறைக்கிறார் என்றாள். எழுபத்து நாலு வயதிலா என்று கேட்டேன். அந்த வயதில்தான் தடுக்க ஆள் இருக்காது என்றாள். நான் இதய நோயாக இருக்கும் என்றேன். விடுதி முதலாளியம்மா எழுந்து போய் ஊற்றுத் தண்ணீரை ஒரு குவளையில் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு வந்தாள்.

4

காரணம் எனக்கு இரண்டு பாதியாகக் கிடைத்தது.

முதல் பாதி காஸுமாவுடையது, இரண்டாம் நாள் தாழ்வாரத்தில். குளியலிலிருந்து திரும்பி வந்தவன், தண்ணீர் வேண்டும் என்று கேட்டு, கொடுத்ததைக் குடித்து முடித்தும் நகராமல் நின்றான். அப்பாவிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், அதற்குத்தான் இந்தத் தடவை வந்தேன் என்றான்.

“அறையில சொல்லிடலாமே,” என்றேன்.

“அறையில எதிரெதிரா உக்காரணும். தண்ணில இருந்தா ரெண்டு பேரும் ஒரே பக்கம் பாத்துக்கிட்டு இருப்போம்.”

என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை. கேட்காததால் சொன்னான். ஒரு பெண் இருக்கிறாள். வசந்த காலத்தில் கல்யாணம். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது.

(இந்த இடத்தில் காஸுமா மீது எனக்குச் சந்தேகம் வந்ததைச் சொல்லிவிடுகிறேன். முதல் பிரதியில் அவனை வேண்டுமென்றே கொஞ்சம் அவசரக்காரனாக எழுதியிருந்தேன். கடிகாரத்தை அடிக்கடி பார்க்கவைத்திருந்தேன். அவனிடம் கடிகாரமே கிடையாது. முதல் நாள் சாப்பாட்டில், உப்புத் தடவிச் சுட்ட ஆற்று மீனை அவன் குராமோச்சியின் தட்டிலிருந்து எடுத்து, வாலை ஒடித்து, முள்ளை முழுசாக உருவிவிட்டு, திரும்ப அவர் தட்டிலேயே வைத்தான். கிழவருக்குக் கண் மங்கல். அவர் கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. இருவரும் சாமந்தி இதழ் ஊறுகாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இதை நினைத்ததும் பிரதியைக் கிழித்தேன்.)

இரண்டாம் பாதி குராமோச்சியுடையது. அன்று சாயங்காலம் மெத்தை விரிக்கப் போனபோது காஸுமா மறுபடி குளிக்கப் போயிருந்தான். கிழவர் ஜன்னலோர நாற்காலியில் இருந்தார்.

“உங்ககிட்ட சொல்லிட்டானா?” என்றார்.

நான் தலையணை உறையைச் சரிசெய்தேன். அதுவே பதில் ஆகிவிட்டது.

அவருக்குக் கோடைக்காலத்திலேயே தெரியும். கடையில் பார்த்திருக்கிறார். காஸுமாவும் ஒரு பெண்ணும் பூசணிக்காய் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். காஸுமா பூசணிக்காயைத் தொடமாட்டான், சிஹோ எவ்வளவோ கெஞ்சியும் ஒரு துண்டு வாயில் வைத்ததில்லை. அன்று இரண்டு வாங்கினான். கிழவர் சோயா பாட்டில்கள் அடுக்கியிருந்த பக்கம் திரும்பி, அவர்கள் போகும்வரை அங்கேயே நின்றாராம்.

“நல்ல பொண்ணாத்தான் இருந்தா,” என்றார். “காயைத் தட்டிப் பாத்து வாங்கினா.”

அப்படியென்றால் ஏன் இவனைச் சொல்லவிடாமல் அலைக்கழிக்கிறீர்கள் என்று கேட்டேன். விருந்தாளியிடம் அப்படிக் கேட்கக்கூடாது. மெத்தை விரிக்கிறவள் மெத்தையை மட்டும் விரிக்க வேண்டும்.

“அவன் சொல்லாத வரைக்கும் நான் அப்பா. சொல்லிட்டா அப்புறம் குராமோச்சி ஐயா. என்னை அப்படிக் கூப்பிட ஊர்ல நிறைய பேர் இருக்காங்க.”

(இந்த வசனம் அளவுக்கு மீறி நன்றாக இருக்கிறது. நானே எழுதிக்கொண்டதோ என்று பல நாள் சந்தேகப்பட்டேன். ஆனால் அதைச் சொன்ன பிறகு அவர் எழுந்து வந்து, தன் மெத்தையைக் காஸுமாவின் மெத்தையிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டார், கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு மறுபடி பழைய இடத்துக்கே இழுத்தார். அது என் கற்பனையில்லை. அவ்வளவு கற்பனை எனக்குக் கிடையாது.)

5

கிளம்பும் நாள் காலையில் குராமோச்சி தனியாகக் குளிக்கப் போனார்.

காஸுமா தூங்குகிறான் என்று நினைத்துப் போயிருக்கலாம். ஊற்றுக்கு வந்து நனையாமல் திரும்ப மனம் வராமல் போயிருக்கலாம். உடம்பு அரித்திருக்கவும் கூடும், மூன்றாம் நாள் அல்லவா. தாழ்வாரத்தில் என்னைப் பார்த்ததும் துண்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். நீலத் திரையை விலக்கிக்கொண்டு ஆண்கள் பக்கம் நுழைந்தார். சற்று நேரத்தில் காஸுமா அங்கியின் கயிறு ஒரு பக்கம் தொங்க ஓடிவந்து அதே திரைக்குள் போனான்.

கதையின் முக்கியமான இடம் இதுதான். இங்கே எனக்கு ஒரு சங்கடம். நான் பெண். நீலத் திரைக்குள் நான் போக முடியாது.

எழுத்தாளர் எங்கும் நுழையலாம் என்பீர்கள். முயன்று பார்த்தேன். ‘நீராவிக்கு நடுவே இரு முகங்கள்...’ என்று எழுதி நிறுத்தினேன். வேலை பார்க்கிற இடத்தில் விருந்தாளிகளைத் துணியில்லாத அந்தக் கோலத்தில் பார்ப்பதுபோல் இருந்தது.

ஆண்கள், பெண்கள் வெளிக்குளங்கள் இரண்டுக்கும் நடுவே மரப்பலகைச் சுவர்தான். பெண்கள் பக்கத்தை மிட்சுயோ அக்கா தேய்த்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் என்ன கேட்டது என்று கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை என்றாள். அவளுக்கு இடது காது மந்தம். சுவர் அவளுக்கு எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டேன். இடது பக்கம் என்றாள். தேய்க்க அப்படித்தான் வசதியாம்.

வற்புறுத்தியதில் ஒன்று சொன்னாள். நீண்ட நேரம் சத்தமே இல்லை. பிறகு இளையவன் குரல், கொஞ்சம். பிறகு யாரோ தண்ணீரிலிருந்து சட்டென்று எழுந்த சத்தம்.

திரையை விலக்கிக்கொண்டு முதலில் வந்தவர் குராமோச்சி. அங்கியை வலம் இடம் மாற்றிக் கட்டியிருந்தார். எங்கள் ஊரில் பிணத்துக்குத்தான் அப்படிக் கட்டுவார்கள். நான் கண்ணால் காட்டினேன். குனிந்து பார்த்து, நடுத் தாழ்வாரத்திலேயே திரும்பி நின்று சரியாகக் கட்டிக்கொண்டு போனார். ஒரு காதோரம் சோப்பு நுரை இருந்தது. அதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

காலைச் சாப்பாட்டில் குராமோச்சி இரண்டாம் தடவை சோறு வாங்கினார். அதைத் துக்கத்தின் அடையாளமாக எழுதுவதா நிம்மதியின் அடையாளமாக எழுதுவதா என்று தெரியாததால் சோறு வாங்கினார் என்று மட்டும் எழுதுகிறேன்.

6

இது முழுக்க நான் பார்த்தது. வாசலில் அவர்கள் செருப்பைக் கழற்றிச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பைகளோடு நின்றேன். முதலாளியம்மா வருடா வருடம் கேட்பதை வழக்கம்போலக் கேட்டாள்.

“அடுத்த வருஷமும் இதே வாரம் எடுத்து வைக்கட்டுமா?”

காஸுமா சப்பாத்தைப் பார்த்தான். குராமோச்சியும் சப்பாத்தைத்தான் பார்த்தார், ஆனால் காஸுமாவுடையதை.

“வைங்க,” என்றார் குராமோச்சி.

“ரெண்டு பேருக்குத்தானே?”

அவர் சப்பாத்துக் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டார், அவிழ்த்தார், மறுபடி போட்டார்.

“மூணு.”

காஸுமா நிமிர்ந்தான். நான் அவன் அழப்போகிறான் என்று நினைத்து வேறு பக்கம் பார்க்கத் தயாரானேன்.

“அப்பா,” என்றான். “நாலு.”

“நாலா?”

“அவங்களுக்கு ஒரு பொண்ணு இருக்கு. ஆறு வயசு.”

குராமோச்சி போட்ட முடிச்சை மறுபடி அவிழ்த்தார். முதலாளியம்மா சிரித்த முகத்தை மாற்றாமல் காத்திருந்தாள். அவள் தொழில் அது.

“இதை உள்ளயே சொல்லியிருக்கலாமே.”

“சொல்ல வந்தேன். நீங்க எழுந்து போயிட்டீங்க.”

“பின்ன என்ன, அவ்வளவு நேரம் இழுத்தா? எனக்குத் தலை சுத்திடுச்சு.” பிறகு கேட்டார்: “இந்தத் தண்ணி ரொம்பச் சூடு. அந்தப் பொண்ணு தாங்குமா?”

“தெரியலப்பா.”

“அது தெரியாம எப்படி நாலுன்னு சொல்ற?”

குழந்தைகளுக்கு ஆற்றிய தண்ணீர்த் தொட்டி தனியாக இருக்கிறது என்று முதலாளியம்மா சொன்னாள். எவ்வளவு ஆழம் என்று குராமோச்சி கேட்டார். அவள் தன் தொடையில் கை வைத்துக் காட்டினாள். அவர் காஸுமாவைப் பார்த்து, அந்தப் பெண் எவ்வளவு உயரம் என்று கேட்டார். காஸுமா தன் இடுப்பில் கை வைத்துக் காட்டினான். இரண்டு கைகளையும் கிழவர் மாறி மாறிப் பார்த்தார்.

“சரி,” என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போனார்.

7

நான் இதை எழுதுவது செப்டம்பரில். நவம்பர் இன்னும் வரவில்லை. வசந்தத்தில் கல்யாணம் நடந்ததா என்று எனக்குத் தெரியாது. நடந்தது என்று யாரும் எங்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை, அறை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முன்பதிவு அப்படியே இருக்கிறது.

முடிவுகள் எழுதிப் பார்க்காமல் இல்லை. நாலு பேரும் வருகிற மாதிரி ஒன்று எழுதினேன். எல்லாரும் நன்றாக நடந்துகொண்டார்கள், அதனால் யாரையும் நம்ப முடியவில்லை. குராமோச்சி மட்டும் பேருந்தில் வருகிற மாதிரி ஒன்று. அதை எழுதும்போது நானே கண் துடைக்கத் துண்டு தேடினேன், ஆகவே அதில் ஏதோ மோசடி இருக்க வேண்டும். யாருமே வராமல், நான் மூலை அறையைப் பெருக்குவதோடு முடிகிற மாதிரி ஒன்று. அது என்னைப் பற்றிய கதையாகிவிட்டது.

முடிவை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நிபந்தனை அதிகமில்லை. குராமோச்சியைச் சாகடிக்காதீர்கள். முடிக்கத் தெரியாதவர்கள் செய்கிற வேலை அது, அவருக்கு ரத்த அழுத்தம்கூடக் கிடையாது. புதிதாக வருகிறவளைச் சிஹோவைப் போல இருக்கவைக்காதீர்கள், அவளை வேண்டுமென்றே மாறுபட்டவளாகவும் ஆக்காதீர்கள்.

அந்தச் சின்னப் பெண்ணுக்கு மட்டும் நீங்களாக ஒரு பெயர் வைத்துவிடாதீர்கள். வந்தால் நானே கேட்டுக்கொள்கிறேன்.