ஷாக் அடிக்கிற பாட்டு

மின்சார அலுவலக ஆண்டு விழாவில் மின்சாரப் பாட்டுகளை மட்டுமே பாட வேண்டும் என்று உத்தரவு. பாடகன் முதலில் பல்பு புதிதாக வந்த காலத்து நாடகப் பாட்டைப் பாடினான். அடுத்து, மின்னல் பார்வை டூயட். அதில் யாருக்கும் காயமில்லை.

காதலி தொட்டதும் ஷாக் அடிக்கிற புது ராப் பாட்டை மட்டும் நைசாக விட்டுவிடப் பார்த்தான். இதே அலுவலகத்தில் லைன்மேனாக இருந்த அண்ணன் கம்பத்திலேயே கருகி மூன்று மாதம்தான் ஆகிறது. முன்வரிசையில் அண்ணி உட்கார்ந்திருந்தாள்.

"என்னப்பா, ஷாக் பாட்டு எங்கே?" என்றார் அதிகாரி.

அண்ணி மேடையோரம் வந்தாள்.

"பாடிடுங்க தம்பி. அது முடிஞ்சாதான் எனக்கு வேலை ஆர்டர் தருவாங்களாம்."

பாடினான். அரங்கமே ஆடியது. அண்ணியும் கை தட்டினாள்.

"ஒன்ஸ் மோர்!" என்றார் அதிகாரி.

ஆர்டர் இன்னும் அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. அவன் பல்லவியிலிருந்து தொடங்கினான்.