முப்பது நாள் கழித்துத் துரைக்கு நோய் வரட்டும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கதை எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. எங்கள் பூனைக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தேன். ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டு, தாளின் பின்பக்கத்தில் இதை ஆரம்பித்துவிட்டேன். கேள்வி இதுதான்: ‘பிராணி தற்போது ஆரோக்கியமாக உள்ளதா?’

2

(முதல் தொடக்கம்: ‘துரை என்ற அந்தச் சாம்பல் நிறப் பூனை ஜன்னலோரம் கம்பீரமாக…’ சே! கம்பீரமாவது மண்ணாவது. ஒரு வாரமாகக் குளியலறை வாளிக்குள் தலையை விட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறது. தூக்கினால் எலும்பு தட்டுப்படுகிறது.)

3

இப்போது காப்பீட்டு முகவர் வருகிறார். நல்லவரா கெட்டவரா என்று எழுதுகிற எனக்கே பிடிபடவில்லை. மூன்று திட்டங்களை மேஜையில் பரப்பினார். எதற்கெல்லாம் பணம் தரமாட்டார்கள் என்ற பக்கத்தைப் படித்ததில் எனக்குத் தலை சுற்றியது.

“டாக்டர்கிட்ட காட்டிட்டீங்களா சார்?”

“இன்னும் இல்ல.”

“நல்லவேளை! அவர் ஏதாவது எழுதிட்டார்னா அது ஏற்கெனவே இருந்த நோய். காசு வராது. இப்பக் கையெழுத்துப் போடுங்க, முதல் முப்பது நாள்ல வர்ற நோய்க்கும் காசு கிடையாது, அது கழிச்சுக் காட்டுங்க.”

அக்கா தையல் மிஷினை நிறுத்தினாள். “அதுவரைக்கும் பொறுத்துக்கோன்னு துரைகிட்ட யாரு சொல்றது?”

முகவர் பதில் சொல்லவில்லை.

(சொன்னார். “என் வீட்லயும் ரெண்டு பூனை இருக்கும்மா” என்றார். அதை வைத்தால் அவர்மேல் கோபப்பட முடியாதென்று அடித்துவிட்டேன்.)

4

பெரிய வியாதியென்றால் எங்கள் சம்பாத்தியம் தாங்காது, வைத்தியத்தைப் பாதியில் நிறுத்த வேண்டிவரும். காட்டாமலே இருந்தாலோ…

முடிவு அ: காத்திருக்கிறோம், துரை தேறிவிடுகிறது. எனக்குப் பிடித்த முடிவு. நம்பத்தான் முடியவில்லை.

முடிவு ஆ: இருபத்தெட்டாம் நாள் காலையில்…

எழுதமாட்டேன், போங்கள்.

“டேய், எழுதிக் கிழிச்சது போதும். கூடைய எடு.”

“ஒரே ஒரு நாள் யோசிக்கலாம்க்கா. எனக்கு ஒண்ணுமே புரியல.”

“உனக்கு எப்பத்தான் புரிஞ்சுது?”

அவளே கூடையைத் தேடி எடுத்து, துரையை உள்ளே வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போய்விட்டாள்.

5

போய் இரண்டு மணி நேரமாகிறது. டாக்டர் வாயைத் திறக்கும்வரை விண்ணப்பத்தில் ‘ஆம்’ என்று எழுதினால் பொய்யாகாது என்கிறது ஒரு மனம். வெட்கமாயில்லையா என்கிறது இன்னொன்று. பேனாவைத் திறந்து திறந்து மூடுகிறேன்.

போன் அடிக்கிறது. அக்காதான்.

இவ்வளவு தூரம் படித்தீர்களே, ஓர் உதவி செய்யுங்கள். போனை உங்கள் பக்கம் தள்ளுகிறேன். நீங்கள் எடுத்துப் பேசுங்கள். நல்ல செய்தியாக இருந்தால் மட்டும் என்னிடம் சொல்லுங்கள்.