முதலடி கனம்

ரூபேந்திரன் மலேசியாவில் பாசிர் கூடாங் ஆலையில் இரவு ஷிப்டு முடித்து வந்து பகலெல்லாம் கட்டையாகக் கிடப்பான். அந்த நேரத்தில் வீட்டில் பேசக்கூடாது, டிவி போடக்கூடாது. மிளகாய்ச் சம்பல் மட்டும் இடிக்கலாம். எழுந்ததும் சோற்றுக்குச் சம்பல் இருக்கும் என்று அந்தத் துரை நிம்மதியாகத் தூங்குவார். அதனால்தான் அவன் மனைவி லோஷினி அடுப்படித் தரையில் உட்கார்ந்து, கல்லுரலில் குழவியைப் போட்டு இடித்தபடியே இத்தாலிய மொழி படித்தாள்.

சிரிக்காதீர்கள். இத்தாலியில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை காத்திருந்தது. போனில் பாடம் எடுத்த பிரேமளா டீச்சர், "சொல்லத் துண்டு துண்டா வெட்டும்மா. எங்க அழுத்தணுமோ அங்க ஓங்கித் தட்டு" என்று சொல்லியிருந்தார். பாடம் இதுதான். நாங்கள் பேசுகிறோம்: பார்-லியா-மோ, நடுவில் ஓங்கித் தட்ட வேண்டும். அவர்கள் பேசுகிறார்கள்: பார்-லா-னோ, முதலடி கனம், மற்ற இரண்டும் மெல்ல. நான் பேசுகிறேன்: பார்-லோ. அதற்கும் முதலடிதான் கனம். நாக்கு மறந்தாலும் கை மறக்காது என்று தினமும் இடித்தாள். இன்று மதியம் போனிலேயே வாய்மொழித் தேர்வு. தேறினால் விமானம். இல்லாவிட்டால் இதே வீடு, இதே ஆள், போன மாதம் அவன் முறுக்கியதில் கோணலாகக் கூடிப்போன இதே சுண்டுவிரல்.

படிக்கிற மும்முரத்தில் பாவி மகள் இன்று உரலில் மிளகாய் போட மறந்துவிட்டாள்.

வெறுங்கல்லின் சத்தம் அவனை எழுப்பிவிட்டது. வந்து நின்றதை அவள் பார்க்கவில்லை. உரலுக்குள் விரலை விட்டுத் துழாவினான். காய்ந்து கிடந்தது.

"இத்தன நாளா யாருகிட்டடி பேசிக்கிட்டு இருந்த?"

முடியைப் பிடித்து அவள் முகத்தை அடுப்பு மேடையில் மோதினான். பல் ஒன்று உடைந்து நாக்கில் உருண்டது. விழுந்தவளை வயிற்றில் உதைத்தான்.

"ஓடிப் போலாம்னு பாக்கறியா? கால உடச்சிப் போட்டா எப்படிப் போவேன்னு பாக்கறேன்லா."

சுத்தியல் எடுக்கப் பின்பக்கம் போனான். போனையும் குழவியையும் வாரிக்கொண்டு லோஷினி குளியலறைக்குள் ஊர்ந்து தாழிட்டாள்.

கையிலிருந்த போன் அடித்தது. தேர்வு நேரம். எடுத்தாள். திரையில் தோன்றிய இத்தாலியப் பெண்மணி, அவள் வாயில் ரத்தத்தைக் கண்டு திகைத்து ஏதோ கேட்டாள். பேச முடியுமா என்பது மட்டும் லோஷினிக்குப் புரிந்தது. கதவில் சுத்தியல் விழுந்தது. தாறுமாறான அடி. பலகை பிளந்து, அவன் கை உள்ளே வந்து தாழ்ப்பாளைத் தேடியது.

அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. ரத்தத்தைத் துப்பினாள். போனைத் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் நிமிர்த்தி வைத்துவிட்டு, குழவியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினாள்.

"பார்" என்றாள். குழவி அந்த விரல்கள் மேல் இறங்கியது.

கதவுக்கு அப்பால் அலறல் கேட்டது. திரையில் அந்தப் பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டு, மீதிச் சொல்லுக்காகக் காத்திருந்தாள்.