இருபத்தேழாம் அத்தியாயத்தில் சின்னவளின் கால்

வாங்க கண்ணுங்களா, எல்லாரும் நல்லா இருக்கீங்களா? தலைவலி, முதுகுவலி, முட்டிவலி எல்லாம் எப்படி இருக்கு? போன தடவை இடுப்புப் பிடிச்சுக்கிச்சுன்னு எழுதினவங்க இப்ப குனிஞ்சு நிமிர முடியுதா? ஒப்புக்குக் கேக்கலை. ஒன்பது நாளா யாரைப் பார்த்தாலும் முதல்ல உடம்பைத்தான் கேக்கறேன். ஏன்னு சொல்றேன், உக்காருங்க.

அறுபத்தெட்டு வயதில் இவளுக்குக் காதல் கதை எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் கேட்பதுண்டு. நானும் ஏதேதோ சொல்லி மழுப்புவதுண்டு. உண்மை என்னவென்றால், எல்லாம் வீட்டில் திருடியது. மூத்தவனும் மருமகளும் மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டு ஒரே குடையில் வீடு திரும்பினார்களே, அது என் ஏழாவது நாவல். பேத்தி முதல் சம்பளத்தில் யாருக்கோ கைக்கடிகாரம் வாங்கி அலமாரியில் ஒளித்து வைத்தாளே, அது பத்தாவது. அடுப்பு மேடையில் எப்போதும் ஒரு நோட்டு இருக்கும். வீட்டார் போன் செய்தால் காது அவர்களுக்கு, கை நோட்டுக்கு.

அதிகம் அகப்பட்டவள் சின்னவள், என் இளைய மகள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. முப்பத்தேழு வயதில் முதல் பிள்ளை, எட்டாம் மாதம். மாப்பிள்ளைக்கு லிஃப்ட் பொருத்தும் வேலை, வெளியூரில் ஏதோ பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். அதனால் தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சின்னவள் என்னைக் கூப்பிட்டுப் புலம்புவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டாள்.

"மோதிரம் கழட்ட வரலைம்மா. சோப்புப் போட்டும் வரலை. காலு பன்னு மாதிரி இருக்கு. அவரோட செருப்பைப் போட்டுக்கிட்டுதான் கடைக்குப் போறேன்."

"அப்படித்தான்டி இருக்கும். உன்னைச் சுமக்கறப்ப எனக்கு யானைக்கால் மாதிரி இருந்துச்சு."

"தலைவலி வேற. கண்ணு முன்னாடி மினுக் மினுக்னு பொட்டு பொட்டா பறக்குது. லென்ஸ்ல கீறல்னு நினைச்சேன். கடையிலயே மாத்திட்டேன். மாத்தியும் பறக்குது."

"ரெஸ்ட் எடு கண்ணு" என்று வாய் சொன்னது. கை நோட்டில் எழுதியது: கணவனின் செருப்பு. கண்ணெதிரே ஒளிப் பொட்டுகள். அவன் வரும்போது!

ஆச்சரியக்குறியை நான்தான் போட்டேன். அது இன்னமும் நோட்டில் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை நம் பக்கத்தில் தொடர்கதையின் இருபத்தேழாம் அத்தியாயம் போட்டேன். நீங்கள் படித்திருப்பீர்கள். நிறைமாதத்தை நெருங்கும் கதாநாயகி அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வருகிறாள். தலை வலிக்கிறது, முகம் உப்பியிருக்கிறது. அவனைக் கண்டதும் கண்முன் நட்சத்திரம் நட்சத்திரமாகப் பறக்கிறது. அவன் மண்டியிட்டு அவளுடைய வீங்கிய கால்களை மடியில் வைத்து அமுக்கிவிடுகிறான். ஒரு மணி நேரத்தில் நானூறு ஹார்ட்டு வந்தது. நானும் பூரித்துப்போய் இரண்டாவது காபி போட்டுக் குடித்தேன்.

அதில் ஒரே ஒரு கமெண்ட் மட்டும் ஒத்து வரவில்லை. வாத்துப் படம் வைத்திருப்பாளே, அவள். எங்கள் வீட்டில் அவளுக்கு வாத்து என்றே பெயர். ஒன்பதாம் அத்தியாயத்தில் ஹீரோ நீலச் சட்டையில் போய் வெள்ளைச் சட்டையில் திரும்பினான் என்று கண்டுபிடித்தவள். அவள் எழுதியிருந்தாள்:

"அம்மா, எட்டு மாசத்துல முகம் வீக்கம், தலைவலி, கண்ணுல வெளிச்சப் பொட்டு. இவளை இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். ஹீரோ என்ன காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "கண்ணு, இது காதல் கதை. பிரஷர் பாக்கற கதை இல்லை. ஒரு நாளாவது ரசிச்சுப் படிங்க" என்று போட்டேன். முப்பத்தெட்டு பேர் சிரித்து வைத்திருந்தீர்கள். வாத்தின் வாயை அடைத்துவிட்டோம் என்று அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே போனைப் பார்த்தேன். வாத்து பதில் போட்டிருந்தாள். காலையிலேயே போட்டிருக்கிறாள்.

"நான் பதினாறு வருஷமா பிரசவ வார்டுல நர்ஸா இருக்கேன்ம்மா. ரசிக்க முடியலை. இப்படி நடந்து வந்தவங்க சில பேர் திரும்ப நடந்து போகலை. நீங்க இதைக் கற்பனையா எழுதியிருந்தா என்னை மன்னிச்சுடுங்க. யாரையாவது பார்த்து எழுதியிருந்தா, அவங்களை இப்பவே கூப்பிடுங்க."

கத்தியை வைத்தேன். நோட்டைப் புரட்டினேன். ஞாயிற்றுக்கிழமைப் பக்கம். மோதிரம், செருப்பு, பொட்டு, தலைவலி. ஒன்றைக்கூட நான் கற்பனை செய்யவில்லை. மணி ஒன்றே முக்கால். அன்றைக்குச் சின்னவள் கூப்பிடவே இல்லை.

நான் கூப்பிட்டேன். அடித்து அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டேன். எட்டு தடவை. கடைக்குப் போட்டேன். முதலாளியம்மா எடுத்தார்.

"தலைவலின்னு பத்து மணிக்கே கிளம்பிட்டாங்களேம்மா. வீட்டுக்குப் போனதும் போன் பண்றேன்னாங்க. பண்ணலை. தூங்கறாங்களோ என்னவோ."

பத்து மணி. நாலு மணி நேரம் ஆகப்போகிறது.

டாக்ஸியில் ஏறினேன். புடவையில் பீன்ஸ் நார் ஒட்டியிருந்தது. அவள் வீடு பதினைந்து நிமிடத் தூரம்தான். அன்றைக்குப் பார்த்து எல்லா சிக்னலிலும் சிவப்பு.

"அம்மா, நல்லா சாஞ்சு உக்காருங்க. நுனியில உக்காந்தா வண்டி வேகமாப் போகாது" என்றார் டிரைவர். வேறு நாளாக இருந்தால் இதையும் நோட்டில் எழுதியிருப்பேன். அன்றைக்கு, "என் பொண்ணு போன் எடுக்கலைப்பா" என்று மட்டும் சொன்னேன். அவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் வண்டி பறந்தது.

மூன்றாவது மாடி. மாற்றுச் சாவி என்னிடம் உண்டு. அவசரத்தில் சாவி துவாரத்தைச் சுற்றிச் சுற்றிக் கீறியதே தவிர உள்ளே போகவில்லை. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. மின்விசிறிச் சத்தம்கூட இல்லை. கதவு திறந்ததும் நான் கூடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். படுக்கையறைக்கு ஆறு அடி இருக்கும். அந்த ஆறு அடியை நடக்க எனக்குத் தைரியம் வரவில்லை. நடந்து பார்த்துவிட்டால் தெரிந்துவிடுமே!

"யாரு?" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

உயிர் வந்தது. ஓடினேன். திரைச்சீலை எல்லாம் இழுத்து மூடி, ஈரத்துண்டைக் கண்ணில் போட்டுப் படுத்திருந்தாள். துண்டை எடுத்தேன். முகம் என் மகளுடையதாக இல்லை. கண் இரண்டும் உள்ளே போய், கன்னம் பளபளவென்று இருந்தது.

"எழுந்திருடி. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"லைட்டைப் போடாதம்மா, குத்துது. போனை சைலண்ட்ல வெச்சேன். நெஞ்சுக்குக் கீழ வலிக்குது, கேஸ்தான். நாளன்னிக்கு செக்கப் இருக்கு, அப்பப் பாத்துக்கலாம்."

"இப்பவே போகணும்."

"உன் நாவல் மாதிரியே எல்லாத்துக்கும் ஓடணுமா? கொஞ்சம் தூங்க விடும்மா, ப்ளீஸ்."

கெஞ்சினேன், திட்டினேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வேறு வழி தெரியவில்லை. போனை எடுத்து இருபத்தேழாம் அத்தியாயத்தையும் கீழே வாத்தின் கமெண்ட்டையும் அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். ஒற்றைக் கண்ணைத் திறந்து படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள்.

"என் கண்ணுல பூச்சி பறந்ததையா காதல்னு எழுதின?"

"ஆமாம்டி."

"நான் உன்கிட்டதானம்மா சொன்னேன். டாக்டர்கிட்டகூடச் சொல்லலை. உன்கிட்டதான் சொன்னேன்."

அவளே எழுந்து உட்கார்ந்தாள். செருப்புப் போட முடியாமல் வெறுங்காலோடு இறங்கினாள். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வந்தாள். நல்லவேளை, டிரைவர் போகாமல் காத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது நர்ஸ், "பாட்டி ஆகப்போற குஷியா?" என்று என்னிடம் பேசிக்கொண்டே சின்னவளின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினாள். எண்ணைப் பார்த்தாள். பேச்சை நிறுத்தினாள். இன்னொரு மெஷினை எடுத்துவந்து சுற்றிப் பார்த்தாள். அப்புறம் நடக்கவில்லை, ஓடினாள்.

"நூத்தி எண்பத்தாறு, நூத்திப் பதினெட்டு" என்றார் டாக்டரம்மா. "எத்தனை நாளா தலைவலி?"

சின்னவள் என்னைப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமையிலேர்ந்து" என்றேன் நான்.

"தெரிஞ்சுமா வீட்டுல வெச்சிருந்தீங்க?"

தெரியும், தேதி போட்டு எழுதியே வைத்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

"பிரஷர் இவ்வளவு ஏறினா வலிப்பு வரும், வராம இருக்க ஊசி போட்டிருக்கோம். குழந்தையை இன்னிக்கே எடுத்தாகணும். ரெண்டு பேரையும் காப்பாத்தத்தான் பாக்கறோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பார்க்கிறோம் என்றார். வார்த்தையை வைத்தே பிழைக்கிறவளுக்கு அது காதில் விழாமல் இருக்குமா?

ஆபரேஷன் அறை வாசலை என் கதைகளில் நாற்பது தடவையாவது எழுதியிருப்பேன். ஹீரோ குறுக்கும் நெடுக்கும் நடப்பான். நிஜத்தில் நான் உட்கார்ந்த பெஞ்சை விட்டு எழவே இல்லை. எதிர்ச் சுவரில் 'செருப்பை வெளியே விடவும்' என்று ஒட்டியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். மடியில் போன் டிங் டிங் என்றது. ஒவ்வொரு டிங்குக்கும் தூக்கிவாரிப்போட்டது. எல்லாம் ஹார்ட்டு. 'இப்படிக் கால் பிடிச்சுவிடற புருஷன் கிடைக்கணுமே' என்று யாரோ எழுதியிருந்தீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை கண்ணு. எழுதியவள் நான்.

வாத்துக்கு மட்டும் அந்த இரண்டு எண்களையும் அனுப்பினேன். ஒரே நிமிடத்தில் பதில் வந்தது. "எங்க இருக்கீங்க? ஆஸ்பத்திரியிலதானே? அப்ப சரியான இடத்துல இருக்கீங்க. கூட யார் இருக்கா? முதல்ல தண்ணி குடிங்க."

மாப்பிள்ளை பஸ்ஸிலிருந்து போன் செய்தார். "அத்தை, வந்துக்கிட்டே இருக்கேன். அவகிட்ட போனைக் குடுங்க அத்தை, ஒரு நிமிஷம்." உள்ளே இருக்கிறாள் என்றேன். இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. பஸ்ஸின் இரைச்சலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாலரை மணிக்குக் கதவு திறந்தது. கண்ணாடிப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். உள்ளே என் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு முதுகு. அழுகைச் சத்தம் கேட்கவில்லை. "பொண்ணு. ஒரு கிலோ அறுநூறு. வழி விடுங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்கள். "என் பொண்ணு?" என்று பின்னால் கத்தினேன். யாரும் திரும்பவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் வர இன்னும் ஐம்பது நிமிடம் ஆனது. அந்த ஐம்பது நிமிடத்தைப் பற்றி நான் எழுதமாட்டேன்.

பிள்ளை பிறந்ததும் பிரஷர் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். இல்லையாம். சின்னவள் பிழைத்துவிட்டாள், ஆனால் மூன்று நாள் தீவிர சிகிச்சையில் இருந்தாள். நாலாம் நாள்தான் வார்டுக்கு வந்தாள். வந்ததும் என் போனைக் கேட்டு வாங்கி, எல்லாக் கமெண்ட்டையும் படித்தாள்.

"அந்த அத்தியாயத்தை எடுத்துடறேன்டி" என்றேன்.

"எடுக்காதே. அந்த நர்ஸம்மா எழுதினதை எல்லாத்துக்கும் மேல தெரியற மாதிரி வை. என்ன நடந்துச்சுன்னு முழுசா எழுது. உன்னை நல்லவளாக் காட்டிக்காம எழுது."

அதனால்தான் எழுதுகிறேன். சின்னவளுக்கு இன்னும் மாத்திரை ஓடுகிறது. குழந்தை இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது. சில சமயம் மூச்சுவிட மறந்துவிடுகிறாள். மெஷின் கத்தும், நர்ஸ் வந்து பாதத்தைத் தட்டுவாள், மறுபடி விடுவாள். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை இப்படி. ஒவ்வொரு தடவையும் நானும் சின்னவளும் மாப்பிள்ளையும் எங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன்.

உங்களை ஒண்ணு கேக்கணும் கண்ணுங்களா. உங்க வீட்டுல யாராவது சொல்லி, நீங்க 'அப்படித்தான் இருக்கும்'னு தள்ளிவிட்ட வலி ஏதாவது உண்டா? அது லேசான விஷயமில்லைன்னு எப்பப் புரிஞ்சுது, யார் சொல்லிப் புரிஞ்சுது? கீழ எழுதுங்க. பிழை இருந்தாலும் பரவாயில்லை, சின்னதா இருந்தாலும் பரவாயில்லை. ஒண்ணு விடாம நான் படிக்கறேன். வாத்தும் படிக்கறேன்னு சொல்லியிருக்கா.