சாயத்துக்குப் போகாத துணி

"அது ஆர்டர் துணி, பிரியா!" என்று அவள் புருஷன் அருள்செல்வன் கத்தி முடிப்பதற்குள் கத்தரி பாதி தூரம் ஓடிவிட்டது.

சண்முகப்பிரியா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. டேபிளில் கிடந்த ரோலிலிருந்து நாலு மீட்டர் நறுக்கென்று வெட்டி எடுத்தாள். சாயத்துக்குப் போகாத வெள்ளைப் பனியன் துணி. பத்து மணிக்கு டையிங்குக்கு ஏற்ற வேண்டியது. வீட்டுக்குப் பின்னாலேயே இருந்த அவர்களுடைய சின்ன கம்பெனியில் இன்னும் ஒரு டெய்லரும் வந்து சேரவில்லை. மணி ஏழு. சோமனூரில் அவளுடைய அப்பா கந்தவேல் விடியற்காலையில் இறந்துபோயிருந்தார்.

"பாபின் வருவான். காருலதான் வருவான்," என்றாள். "சீட்டுல ஒரு முடி ஒட்டாம நான் பாத்துக்கறேனுங்க."

"சாவு ஊட்டுக்குப் போறப்ப நாயி எதுக்கு?"

"சாவு ஊட்டுக்குத்தானுங்க வேணும்."

பாபின் கந்தவேலின் நாய். கட்டிங் மாஸ்டராக இருந்த மனுஷன், ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வேஸ்ட் துணிக் குவியலுக்குள் கண் திறக்காமல் கிடந்த குட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். அன்று முதல் இரண்டு பேருக்கும் ஒரே கட்டில். இரண்டு மாதம் முன்பு அவருக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனது. தையல் மேல் நாய் தாவிவிடும் என்று பயந்து, பிரியாதான் சரக்கு வண்டியில் ஏற்றி அதை முதலிபாளையத்தில் இருந்த தங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

புதன்கிழமை அப்பா போன் செய்தார். "பாபின ஒருக்காக் கூட்டிட்டு வா கண்ணு. பாக்கோணும் போல இருக்குது."

கார் வாங்கி இருபது நாள்தான் ஆகியிருந்தது. பதினாலு வருஷம் டூவீலரில் வெயிலிலும் மழையிலும் அலைந்தவன் அருள்செல்வன். கிரீம் கலர் சீட்டில் உட்கார்ந்து யாரும் கடலைகூடத் தின்னக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தான். காரா அது, பெற்ற பிள்ளை! நாய்க்கென்றே விற்கிற சீட் கவர் ஒன்றை ஆன்லைனில் ஆர்டர் போட்டு, "சனிக்கெழமை வந்துரும். ஞாயித்துக்கெழமை ஜம்முனு கூட்டிட்டுப் போலாம்," என்றான். அதற்குச் சரி என்று தலையாட்டியது யார்? அவளேதான். அந்தத் தலையை நினைக்க நினைக்க அவளுக்கு அவள் மேலேயே ஆத்திரமாக வந்தது. இன்றைக்குச் சனிக்கிழமை.

துணியின் ஒரு முனையில் இரண்டு ஓட்டை, மறுமுனையில் இரண்டு ஓட்டை போட்டாள். பனியன் துணிக்கு ஓரம் அடிக்காவிட்டாலும் நூல் பிரியாது, சுருண்டுதான் கொள்ளும். முன் சீட்டின் தலைப்பகுதிகளில் இரண்டு ஓட்டையை மாட்டினாள். பின் சீட்டில் மற்ற இரண்டை மாட்டினாள். நடுவில் துணி தொட்டில் மாதிரி தொங்கியது. அருள்செல்வன் ஓரத்தை இழுத்துப் பார்த்தான், எங்கேயாவது கிரீம் கலர் தெரிகிறதா என்று குனிந்து தேடினான். தெரியவில்லை. போய்ச் சாவியை எடுத்துவந்தான்.

திருப்பூரைத் தாண்டும்வரை பாபின் நடுங்கிக்கொண்டே வந்தது. பிரியா பின்னாலேயே உட்கார்ந்து அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். மங்கலம் வந்தபோது அருள்செல்வன், "மாமாவுக்குப் போத்தறதுக்குக் கோடித் துணி வாங்கோணுமே," என்றான். கடைகளெல்லாம் ஷட்டர் போட்டுக் கிடந்தன.

"சோமனூர்ல பாத்துக்கலாமுங்க. வுட்டு ஓட்டுங்க."

அதற்குள் அத்தை கருப்பாத்தாள் போன் செய்துவிட்டாள். அப்பாவின் அக்கா. "எங்க கண்ணு வர்றீங்க? மயானத்துல பத்து மணிக்கு நேரம் குடுத்துட்டாங்க. அத வுட்டா சாயங்காலந்தானாம். ஒம்பதரைக்கெல்லாம் எடுத்துருவாங்க."

"நான் வராம எடுக்கக்கூடாதுங்க அத்தை," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அருள்செல்வன் ஆக்ஸிலேட்டரை மிதித்தான். அதற்கப்புறம் கோடியாவது ஒன்றாவது, இரண்டு பேருக்கும் சுத்தமாக மறந்துபோனது.

பந்தலுக்குள் பாபினை நடத்திக்கொண்டு போனபோது பெண்கள் முந்தானையை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். "நாயப் போயி உள்ள கூட்டிட்டு வர்றாளே," என்று யாரோ முனகினார்கள். பிரியா காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அப்பாவைக் கிடத்தியிருந்த பெஞ்சின் கால்மாட்டில் பாபின் மோந்தது. அப்புறம் பக்கவாட்டில் வந்து, பெஞ்சு ஓரத்தில் கிடந்த கைக்கு அடியில் தலையை நுழைத்தது. தடவிக் கொடுக்கச் சொல்லி அது எப்போதும் செய்வதுதான். கை அசையவில்லை. இன்னொரு தரம் நுழைத்தது. பிறகு பெஞ்சுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"கூட்டிட்டு வந்துட்டேன் அப்பா," என்றாள் பிரியா. "ஞாயித்துக்கெழமைன்னு சொன்னேன். ஒரு நாள் முன்னாலயே வந்துட்டேன் அப்பா." பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

குளிப்பாட்டி முடித்ததும் கருப்பாத்தாள் கூப்பிட்டாள். "மக கோடி எங்க? எடுத்தா."

பிரியா புருஷனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். நாட்டுக்கெல்லாம் உடுப்புத் தைத்து அனுப்புகிற வீடு! பெற்ற அப்பனுக்குப் போர்த்த ஒரு முழம் கொண்டுவரவில்லை.

"நான் போயி கடைய எழுப்பி வாங்கியாறேனுங்க," என்று அருள்செல்வன் செருப்பைத் தேடினான்.

"பத்து மணிக்கு முந்தித் தொறக்க மாட்டாங்களே. வண்டி வந்து நிக்குது," என்றாள் கருப்பாத்தாள். பக்கத்து வீட்டுக்காரி புது வேட்டி ஒன்று இருப்பதாகச் சொன்னாள்.

"இருங்க," என்றாள் பிரியா. விடுவிடுவென்று காருக்குப் போனாள். நாலு முடிச்சை அவிழ்ப்பதுபோல நாலு ஓட்டையையும் கழற்றித் துணியை வாரிச் சுருட்டிக்கொண்டு வந்தாள்.

கருப்பாத்தாள் அதை விரித்துப் பார்த்துத் திகைத்துப்போனாள். "நாயி படுத்த துணியவா கண்ணு?"

"தண்ணி படாத துணிங்க அத்தை. சாயத்துக்குக்கூடப் போவல. காத்தால என்ற கையில வெட்டுனது."

"மயிரு ஒட்டிக் கெடக்குதே சாமி. நாலு சனம் என்ன சொல்லும்?"

"அப்பா ஒம்பது வருசமா அதோடதானுங்க தூங்குனாரு."

கருப்பாத்தாள் தம்பியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் துணியின் மறுமுனையைக் கையில் பிடித்தாள். "ஓட்டை எல்லாம் கால்பக்கம் மடிச்சு வுடு," என்றாள். இரண்டு பேருமாகப் போர்த்தினார்கள். பழுப்பு முடிகளைத் தட்டிவிட அத்தையும் கை நீட்டவில்லை, பிரியாவும் நீட்டவில்லை.

மயானத்துக்குப் போன ஆண்கள் குளித்துவிட்டுத் திரும்ப மதியமாகிவிட்டது. வாசலைக் கழுவி விட்ட தண்ணீர் சேறாகக் கிடந்தது. அதை மிதித்துக்கொண்டு பாபின் கார் வரைக்கும் வந்து கதவருகில் நின்றது. ஏறவில்லை. உள்ளே பின் சீட்டு வெறும் கிரீம் கலராக இருந்தது.

"பழஞ்சீலை ஏதாச்சும் அத்தைகிட்ட வாங்கியாறேனுங்க," என்றாள் பிரியா.

அருள்செல்வனின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் ஒரு பையன் குரல். "சார், பார்சல் வந்திருக்குங்க. கார் சீட் கவர். ஊடு பூட்டிருக்குதுங்களே?"

அருள்செல்வன் ஈரத் தலையைத் துண்டால் அழுத்தித் துடைத்தான். "வேண்டாமுங்க," என்றான். "திருப்பி எடுத்துட்டுப் போயிருங்க."

போனை வைத்துவிட்டுப் பின் கதவை அகலத் திறந்து சீட்டைக் கையால் தட்டினான். "ஏறுடா."

பாபின் அவனைப் பார்த்தது. பிரியாவைப் பார்த்தது. பிறகு தாவி ஏறி, இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, மூக்கை ஜன்னல் பக்கம் வைத்துப் படுத்தது. பிரியா பக்கத்தில் உட்கார்ந்தாள். அருள்செல்வன் ஏசியைப் போடாமல் அதன் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் இறக்கிவிட்டான். மங்கலம் தாண்டும்போது கிரீம் கலரில் அதன் கால்தடங்கள் காயத் தொடங்கியிருந்தன.